நஸீறா மதினியின் சீனிக் குளிசை

சப்ரி அன்று காலை, ஆண்கள் இடுப்பில் உடுத்தும் சாரத்தைப் போனில் விற்றுக்கொண்டிருந்தான். மருதமுனையில் கைத்தறித் துணி விற்கும் கடையொன்றுக்கு, சாய்ந்தமருதில் தன் வீட்டில் இருந்தபடியே ஓடர் எடுத்துக் கொடுப்பதுதான் அவன் வேலை. குருநாகலிலிருந்து கதைத்தவர் ஒரு கல்யாண வீட்டுக்குச் சாரங்கள் கேட்டார். நிறம் சொன்னார், மாற்றினார், மனைவியிடம் கேட்டுவிட்டு வந்து திரும்பவும் மாற்றினார். சப்ரி சலிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். நிறங்களைப் பற்றித் தன்னோடு இவ்வளவு நேரம் கதைப்பவனுக்குக் கண் தெரியாது என்பது அந்த மனிதருக்குத் தெரியாது.

மூன்று வருடத்துக்கு முன்பு வரை சப்ரி நெல் ஆலையொன்றில் லொறி ஓடியவன். தலையிடி என்று பெனடோல் போட்டுப் போட்டே நாட்களைக் கடத்தினான். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுகொண்டிருக்கிறது என்று தெரிந்தபோது செய்வதற்கு அதிகம் இருக்கவில்லை. இப்போது பகலா இரவா என்பது மட்டும் தெரியும். மகள் றிப்னாவின் முகத்தை, அவள் கைக்குழந்தையாக இருந்தபோது அவன் பார்த்ததுதான். அவனுடைய மனைவி றுஸ்தா நிந்தவூரில் பள்ளிக்கூட ரீச்சர். காலையில் பஸ் ஏறினால் பகல் திரும்பித்தான் வருவாள். அவள் வரும்வரை பிள்ளையைப் பார்ப்பது வாப்பாவின் பொறுப்பு.

இந்த ஏற்பாடு றுஸ்தாவுக்கு மூத்தவளான நஸீறா ராத்தாவுக்குப் பிடிக்கவில்லை. அவளுடைய வீடு அடுத்த வளவு. நடுவில் ஒரு தகரக் கதவுதான்.

"கண்ணிரிக்கிற எங்களுக்கே இந்தப் புள்ளைக்குப் பின்னால ஓட ஏலாம இரிக்கி. பகல்ல என்னட்ட உடுங்களன் தம்பி" என்று கிழமைக்கு ஒரு தரமாவது சொல்வாள்.

"அவ என்னோட நல்லாத்தான் இரிக்கா மதினி" என்பான் சப்ரி.

உண்மையும் அதுதான். றிப்னா எங்கே நிற்கிறாள், என்ன செய்கிறாள் என்பது அவளுடைய சத்தத்திலேயே அவனுக்குத் தெரியும். மற்றப் பொருட்களுக்குச் சத்தம் இல்லாதபடியால் அவற்றுக்கெல்லாம் அவன் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். காரைதீவில் அவனைப் போலவே கண் தெரியாத தவராசா என்ற கூட்டாளிதான் அந்த ஸ்டிக்கர்களை முதலில் கொண்டுவந்து காட்டியவன். சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரிது. பார்ப்பவர்களுக்கு வெறும் வெள்ளை வட்டம். உள்ளே முடியைப் போல ஒரு கம்பிச் சுருளும் கடுகளவில் ஒரு சில்லும் இருக்கும். என்ன பொருள் என்று போனில் சொல்லி அதில் ஏற்றிவிட்டால் போதும். பிறகு போனின் முதுகை அதற்குக் கிட்டக் கொண்டுபோனால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும்; உடனே ஒரு பெண் குரல் "மஞ்சள் தூள்" என்றோ "றுஸ்தாவின் தேயிலைப் போத்தல்" என்றோ சொல்லும். அதற்காகவே அந்த வசதியுள்ள போன் ஒன்றைப் பழையதாகத் தேடி வாங்கியிருந்தான். அந்தக் குரலுக்கு ஒரு இந்தியச் சாயல் இருந்ததால் வீட்டில் எல்லோரும் அவளை 'சென்னைப் பொம்புள' என்றுதான் சொல்வார்கள்.

குறை சொல்லும் நஸீறாவுக்கும் அந்தச் சென்னைப் பொம்புள தேவைப்பட்டாள். நஸீறாவுக்கு நீரிழிவு என்னும் சீனி வருத்தமும் பிறசரும் இருந்தன. கிளினிக்கில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகளில் குளிசை மாத்திரைகளைப் போட்டுக் கிறுக்கிக் கொடுப்பதை வாசிக்க முடியாமல், இரவுக்குரியதைக் காலையிலும் காலைக்குரியதை இரவிலும் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அப்படி மாறிப் போட்டு, வேர்த்து விறுவிறுத்து விழப்பார்த்தாள். அதன் பிறகு சப்ரி அவளுடைய குளிசைகளை ஒரே மாதிரியான வெள்ளைப் போத்தல்களில் போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி, தன் வீட்டுப் பிரிட்ஜின் மேலே வைத்துக்கொண்டான். காலையும் இரவும் அவள் தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு வருவாள். "தம்பி, உங்கட சென்னைப் பொம்புளயக் கேளுங்க, இப்ப எது போடணும்?" என்பாள்.

குருநாகல்காரர் ஒரு வழியாக நீலத்துக்கும் பச்சைக்கும் இறங்கி வந்துகொண்டிருந்த நேரத்தில் சப்ரிக்கு ஒன்று உறைத்தது. றிப்னாவின் சத்தத்தைக் காணவில்லை.

"மகள்" என்று போனைப் பொத்திக்கொண்டு கூப்பிட்டான். "என்ன செய்றீங்க?"

"வெளயாடுறன்" என்று குசினிப் பக்கமிருந்து பதில் வந்தது.

அவன் திருப்தியோடு திரும்பவும் போனைக் காதில் வைத்தான். அதற்குள் தகரக் கதவு கிறீச்சிட்டது. நஸீறா கறிச்சட்டியோடு வருகிறாள் என்பது வாசத்திலேயே தெரிந்தது. அடுத்த நொடி சட்டி மேசையில் மோதும் சத்தம் கேட்டது.

"தம்பி! இஞ்ச ஓடி வாங்க! என்ட குளிசப் போத்தல் கீழ கிடக்கு. மூடி ஒரு பக்கம், போத்தல் ஒரு பக்கம். உள்ளுக்க ஒண்டுமில்ல. யா அல்லாஹ், இவ திண்டுத்தாவோ தெரியா!"

சப்ரி போனை வெட்டிவிட்டுக் குசினிக்கு வந்தான். முழங்காலில் இருந்து மகளின் முகத்தைத் தேடிப் பிடித்தான். அவள் வாய்க்குள் விரலை விட்டுத் தடவினான். ஈரமாக இருந்தது, பிஸ்கட் தூள் போல ஏதோ விரலில் ஒட்டியது. அது பிஸ்கட்தானா, குளிசையா என்று அவனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"மகள், பெரியும்மாட குளிசயச் சாப்பிட்டீங்களா?"

"ஓம்."

"எத்தின சாப்பிட்டீங்க?"

"நிறைய."

"சோறு சாப்பிட்டீங்களா?"

"ஓம்" என்றாள். சோறு இன்னும் சமைக்கவேயில்லை. எதைச் சாப்பிட்டாயா என்று கேட்டாலும் அவளுடைய பதில் ஓம்தான்.

சப்ரி போத்தலை வாங்கிப் போனின் முதுகைப் பிடித்தான். சத்தமில்லை. திருப்பிப் பிடித்தான். அப்போதும் இல்லை. விரலால் தடவினான், ஸ்டிக்கர் இருந்த இடத்தில் பசை மட்டும் பிசுபிசுத்தது. மேசையிலிருந்த மற்றப் போத்தலை எடுத்துப் பார்த்தான். அதிலும் ஸ்டிக்கர் இல்லை. தன் வீட்டுக்குள்ளேயே வைத்து யாரோ தன்னுடைய கண்ணை இன்னொரு தரம் பிடுங்கி எடுத்தாற்போல இருந்தது.

நஸீறா இரண்டாவது போத்தலைத் திறந்து பார்த்தாள். "இதுக்க ரோஸ் கலர் இரிக்கி. இது பிறசர். அப்ப வெறும் போத்தல் சீனிக் குளிசதான் தம்பி. நேத்துத்தான் கிளினிக்கில புதுசா வாங்கி வந்து நிரப்பின."

அந்தக் குளிசை மாறிப் போனபோது தன்னையே என்ன பாடு படுத்தியது என்பது அவளுக்குத் தெரியும். மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"சீனி கரைச்சி எடுங்க மதினி. போற வழியில பருக்குவம்" என்றான் சப்ரி. அடுத்த தெருவில் ஓட்டோ வைத்திருக்கும், தன்னை அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் இன்பாஸுக்கு அழைப்பெடுத்தான். இன்பாஸ் சட்டைப் பொத்தான் போடாமலே வந்து சேர்ந்தான். ஓட்டோவுக்குள் றிப்னா சீனித்தண்ணீரைச் சந்தோஷமாகக் குடித்துவிட்டு, "இன்னும்" என்றாள். சப்ரி ஒரு கையால் அவளுடைய நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தான். வேர்க்கிறதா, குளிர்கிறதா என்பதைத் தவிர வேறெதுவும் அவன் மனதில் ஓடவில்லை. றுஸ்தாவுக்குச் சொன்னபோது அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்: "எந்த ஆஸ்பத்திரி?" உடனே போனை வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்த்தவர் இளம் பெண் டொக்டர். விரலில் குத்திச் சீனி பார்த்தார். றிப்னா வீரிட்டாள், அந்த அழுகையில் இருந்த பலத்தைக் கேட்டு சப்ரிக்கு ஒரு ஆறுதல்.

"இப்ப சீனி நல்லா இருக்கு" என்றார் டொக்டர். "ஆனா இந்தக் குளிசையை நம்ப ஏலாது. உடனயும் இறக்கும், நிறைய நேரம் போனபிறகும் இறக்கும். நாளைக்குக் காலையில வரைக்கும் வாட்டில வச்சு, திரும்பத் திரும்பச் சீனி பார்க்கணும். எத்தனை குளிசை போனது என்று சொல்ல ஏலுமா?"

"தெரியா டொக்டர். போத்தல் வெறுமையா கிடந்த."

டொக்டர் போத்தலைத் திருப்பிப் பார்த்தார். "இதில மருந்தின்ட பேர் ஒன்றும் எழுதல்லையே?"

"எழுதினா எனக்குத் தெரியா. ஸ்டிக்கர் ஒண்டு ஒட்டியிருந்த. போன் வாசிக்கும். அது கழண்டு போயித்து" என்றான் சப்ரி. சொல்லும்போதே அது எவ்வளவு மோசமாகக் கேட்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது.

டொக்டர் ஏசவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீட்ட நல்லாத் தேடினீங்களா? கீழ கொட்டியிருந்தா, எங்கயாவது போட்டிருந்தா, மிச்சம் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். எத்தனை உள்ள போனது என்று தெரிஞ்சா எங்களுக்குப் பெரிய உதவி" என்றார்.

தேடியிருக்கவில்லை. அந்த அவசரத்தில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. நஸீறா கட்டிலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அழுதபடி இருந்தாள். றிப்னா அவளுடைய முந்தானையை விடவில்லை.

"நான் போறன்" என்றான் சப்ரி.

"நீங்க போய் என்னத்தத் தம்பி தேடப் போறீங்க?" என்று நஸீறாவின் வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டது. சப்ரி இன்பாஸின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

வீட்டில் இன்பாஸ்தான் தேடினான். போனின் டோச்சை அடித்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே ஊர்ந்தான். பிரிட்ஜை இழுத்து நகர்த்தினான். சோபாவைக் கவிழ்த்தான். குப்பைக் கூடையைக் கொட்டிப் பார்த்தான். தும்புத்தடியால் குசினி முழுவதும் கூட்டி, கூட்டியதைக் கையால் கிளறினான். ஒரு சீப்பும், காய்ந்த எலுமிச்சம்பழமும், றுஸ்தா போன மாதம் தேடித் திரிந்த தோடும் கிடைத்தன. குளிசை ஒன்றுகூட இல்லை.

"காக்கா, உள்ளதச் சொல்லுறன். ஒண்டையும் காணல்ல" என்றான் இன்பாஸ். அவனுடைய குரல் இறங்கியிருந்தது.

அப்படியென்றால் எல்லாம் பிள்ளையின் வயிற்றுக்குள்தான். சப்ரி சுவரைப் பிடித்தபடி குசினித் தட்டுக்கு வந்தான். தண்ணீர்க் கோப்பையைத் தேடினான். கை பழக்கத்தில் ஒரு போத்தலைத் தொட்டது. கையிலிருந்த போனும் பழக்கத்தில் அதற்குக் கிட்டப் போனது. சத்தமில்லை. பக்கத்துப் போத்தலுக்கும் சத்தமில்லை. அதற்கடுத்ததும் ஊமைதான். மேல் தட்டில் இருந்தவை மட்டும் ஒவ்வொன்றாக 'டிங்' என்றன. கீழ்த் தட்டில், றிப்னாவின் கை எட்டும் உயரத்தில், ஒரு ஸ்டிக்கர்கூட மிஞ்சியிருக்கவில்லை.

அவன் அப்படியே நின்றான். குளிசைப் போத்தல்களில் மட்டும் ஸ்டிக்கர் கழன்றது என்றுதான் அதுவரை நினைத்திருந்தான். அப்படியில்லை. பிள்ளை காலை முழுவதும் ஸ்டிக்கர் உரித்திருக்கிறாள். போன கிழமை புதிதாக வாங்கியவற்றின் பசை நல்லதில்லை. நகத்தால் கிள்ளினாலே எழும்பிவிடும். ஆனால் உரித்தவை எங்கே? இன்பாஸ் கூட்டி அள்ளிய குப்பையில் ஒன்றும் இருக்கவில்லை. மூன்று வயதுப் பிள்ளை ஸ்டிக்கரை உரித்துக் குப்பையில் போடுமா? போடாது. இன்னொரு இடத்தில் ஒட்டும்.

அவன் றுஸ்தாவுக்கு அழைப்பெடுத்தான். அவள் அப்போதுதான் வாட்டுக்குள் வந்திருந்தாள், மூச்சு வாங்கியது.

"சீனி என்ன?"

"இப்பயும் பாத்த. நல்லா இரிக்கி. குளிச கிடச்சுதா?"

"இல்ல. மகள்ட்ட ஒண்டு கேளு. குளிசயப் பத்திக் கேக்காத, ஓம் ஓம் எண்டுதான் சொல்லுவா. 'டிங்' எல்லாம் எங்க ஒட்டினீங்க எண்டு மட்டும் கேளு."

றுஸ்தா ஏன் என்று கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குக் கதைக்கும் குரலில், "மகள், டிங் ஒட்டி வெளயாடினீங்களா? எங்க ஒட்டின?" என்று கேட்பது போனில் கேட்டது.

"கதவுக்கு" என்றாள் றிப்னா.

"பொறகு?"

"பூனைக்கு."

"வேற எங்க?"

"லொறிக்கு."

இந்தத் தடவை அந்தப் பிள்ளை ஓம் என்று சொல்லாமல் பதில் சொல்லியிருந்தாள். சப்ரி போனை வெட்டிவிட்டுக் கதவுக்கு வந்தான். அதன் கீழ்ப்பாதியில் போனின் முதுகை மெல்ல நகர்த்தினான். டிங். "மஞ்சள் தூள்" என்றாள் சென்னைப் பொம்புள. இன்னும் கொஞ்சம் கீழே, "உப்பு." அவ்வளவு பதற்றத்திலும் இன்பாஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துணிப் பூனை கட்டிலில் கிடந்தது. அதன் வயிற்றில், "றுஸ்தாவின் தேயிலைப் போத்தல்."

"லொறி எங்க?" என்றான் சப்ரி. "நீல லொறி. பிளாஸ்டிக்."

"வீட்டுக்குள்ள இல்ல காக்கா. நான்தான் எல்லாத்தையும் பிரட்டினேனே."

"அப்ப வெளியில. முருங்கை மரத்தடியில பாரு. அவ மண் ஏத்துற இடம்."

லொறி அங்கேதான் நின்றது. பின் பெட்டி நிறைய மணல். மேலே ஒரு வாழை இலைத் துண்டு போர்த்தியிருந்தது. இன்பாஸ் அதைப் பார்த்தான்தான். தேடத் தொடங்கும்போதே முற்றத்தில் கண்டிருந்தான். பிள்ளை விளையாடிய மண் என்று விட்டுவிட்டான்.

சப்ரி குந்தி இருந்து போனை அதன் மேல் பிடித்தான். பின்பக்கம் ஒன்றுமில்லை. கதவுப் பக்கம் ஒன்றுமில்லை. முன் மூக்குக்குக் கொண்டுபோனான்.

டிங்.

"நஸீறா மதினியின் சீனிக் குளிசை. காலையில் சாப்பிட முதல் ஒன்று. இரவில் சாப்பிட முதல் ஒன்று."

அவன் வாழை இலையை எடுத்துவிட்டு மணலுக்குள் விரலை விட்டான். இரண்டு விரற்கடை ஆழத்தில் முதல் குளிசை தட்டுப்பட்டது. வட்டமாக, விளிம்பு மழுங்காமல், காய்ந்தபடி. பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே ஒரு குவியலே இருந்தது.

"இரிக்கிடா" என்றான். "இன்பாஸ், இரிக்கிடா இஞ்ச!"

லொறிக்கு எப்படி மூட்டை ஏற்றுவது, மழை வந்தால் எப்படிப் படங்கு போடுவது என்றெல்லாம் அவன் மகளுக்குச் சொல்லியிருக்கிறான். அவள் அதன்படியே ஏற்றி, மூடி, படங்கும் போட்டிருந்தாள். இந்த வீட்டில் ஒரு பொருளை ஓரிடத்தில் வைத்தால் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். போத்தலில் இருந்ததை உரித்து, குளிசை போன இடத்துக்கே கொண்டுவந்து ஒட்டியிருந்தாள். கதவில் உப்பை ஒட்டியது பிழை. இது மட்டும் சரி.

சப்ரி மணலில் இருந்து அழத் தொடங்கினான். இன்பாஸ் பக்கத்தில் குந்திக்கொண்டான். பிறகு உள்ளே போய் ஒரு மாவரியைக் கொண்டுவந்தான்.

மணலை அரித்துக் குளிசைகளைத் தட்டில் கொட்டி, இன்பாஸ் கண்ணாலும் சப்ரி விரலாலும் எண்ணினார்கள். ஐம்பத்தேழு. போனில் நஸீறாவைக் கேட்டார்கள். கிளினிக்கில் கொடுத்தது அறுபது. நேற்றிரவு ஒன்றும் இன்று காலை ஒன்றும் அவளே போட்டாள். அப்படியென்றால் ஐம்பத்தெட்டு இருக்க வேண்டும். திரும்ப எண்ணினார்கள். ஐம்பத்தேழுதான். மணலை இன்னொரு தரம் அரித்தார்கள், முற்றத்தைத் தடவினார்கள். அந்த ஒன்று கிடைக்கவில்லை.

சப்ரி தட்டையும் லொறியையும் தூக்கிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனான். டொக்டர் தட்டைப் பார்த்தார், லொறியைப் பார்த்தார். ஸ்டிக்கரை எப்படிப் போன் வாசிக்கிறது என்று சப்ரி காட்டியபோது அவருக்கும் சிரிப்பு வந்தது.

"ஒன்று எண்டாலும் இந்த வயசுக்கு விளையாட்டில்லை. அதனால நாளைக்குக் காலைவரை இங்கதான்" என்றார். "ஆனா நான் காலையில ஒரு போத்தல் குளிசைக்குப் பயந்துகொண்டு நின்றேன். இப்ப ஒன்றுக்கு. அந்த ஒன்றும் வாய்க்குள்ள போயிருக்கும் என்றில்லை. நீங்க இனி மூச்சு விடலாம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் றுஸ்தா. சப்ரியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை முழுக்க மணல்.

டொக்டர் போனதும் நஸீறா எழும்பி வந்தாள். "என்ட பிழ தம்பி" என்றாள். "காலம குளிச போட்டுத்து, போத்தல் ரெண்டையும் மேல வெக்காம மேசையில வெச்சித்துப் போயித்தன். நீங்க பிரிட்ஜுக்கு மேலதான் வெக்கச் சொல்லித் தந்த. நான்தான்..."

"இல்ல மதினி. நான் போன்ல கதைச்சிக்கொண்டு இருந்தன். அவட சத்தத்தக் காணல்ல எண்டு தெரிஞ்சும் எழும்பிப் போகல்ல."

"நீங்க என்னத்தத் தேடப் போறீங்க எண்டு நான் ஒரு கதை கதைச்சன். அத நினச்சி நினச்சி..."

நஸீறா விம்மினாள். சப்ரியும் கண்ணைத் துடைத்தான். நடுவில் நின்ற றுஸ்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் இப்படி மாறி மாறி அழுதா நான் எப்ப அழுற?" என்றாள்.

அதைக் கேட்டு நஸீறா அழுகைக்குள்ளேயே சிரித்துவிட்டாள். றுஸ்தாவுக்கு அப்போதுதான் கண்ணீர் வந்தது. நிந்தவூரிலிருந்து வரும் வழியெல்லாம் அடக்கி வைத்திருந்தது அத்தனையும் வந்தது. பக்கத்துக் கட்டில் தாய் ஒருத்தி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

பொழுதுபட்டும் சீனி இறங்கவில்லை. விடிந்த பிறகு பார்த்ததும் நல்லதாகவே இருந்தது. விரலில் குத்தியதைத் தவிர றிப்னாவுக்கு ஆஸ்பத்திரி பிடித்துப்போயிற்று. கேட்ட நேரமெல்லாம் இனிப்பான தண்ணீர் கிடைத்தது. நர்ஸ்மார் வந்து லொறியை ஓட்டிக் காட்டினார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டிக் கொடுத்தபோது, "இன்னும் கொஞ்சம் நிப்பம்" என்று அழுதாள்.

ஓட்டோவில் வரும்போது சப்ரி இரவு முழுவதும் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னான். "மதினி, நீங்க சொன்னதுதான் சரி போல. பகல்ல மகள உங்கட்டயே உடுறன்."

றுஸ்தா திடுக்கிட்டு அவன் பக்கம் திரும்பினாள். ஆனால் பதில் சொன்னது நஸீறாதான்.

"வாணாம் தம்பி. என்ட வீட்ட அவ அந்தக் குளிசய எங்கயாச்சும் போட்டிருந்தா நாங்க இப்பயும் தேடிக்கொண்டுதான் இரிப்பம். உங்கட வீட்ட டிங் இரிக்கி. என்ட வீட்ட என்னரிக்கி? ஆனா ஒண்டு. நீங்க போன்ல சாரம் விக்கிற நேரம் மட்டும் கதவத் திறந்து இஞ்சால அனுப்புங்க. அந்தக் கதை முடியிற கதையில்ல" என்றாள்.

முன்னால் இருந்த இன்பாஸ் சத்தமாகச் சிரித்தான். சப்ரியும் சிரித்தான்.

வீட்டுக்கு வந்ததும் றுஸ்தா செய்த முதல் வேலை, உடுப்பு அலுமாரியின் மேல் தட்டைக் காலியாக்கி மருந்துகளை உள்ளே வைத்துப் பூட்டியது. போத்தல்களில் கறுப்பு மார்க்கரால் பெரிதாகப் பெயரும் எழுதினாள். டொக்டருக்கும் வாசிக்கத் தெரிய வேண்டுமே என்றாள். புதிய ஸ்டிக்கர்களைச் சப்ரி மூடிக்கு உள்பக்கமாக ஒட்டி, மேலே டேப் சுற்றினான். இனி ஒரு நகமும் கிளப்பாது. கதவில் இருந்த மஞ்சள் தூளையும் உப்பையும் மட்டும் றிப்னா உரிக்க விடவில்லை. அவை அவளுடையவையாம்.

காணாமல் போன அந்த ஒரு குளிசை எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. நஸீறாவின் கோழியொன்று காலையில் முருங்கை மரத்தடியில் கிளறித் திரிந்ததாக இன்பாஸ் சொன்னான். அந்தக் கோழிக்கு ஒரு வருத்தமும் வரவில்லை. அடுத்த நாளும் முட்டை போட்டது.

நண்பகல் லுஹர் தொழுகையில் சப்ரி நெற்றி நிலத்தில் பட, சுஜூதில் நீண்ட நேரம் கிடந்தான். கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. நன்றி சொல்லத்தான் வார்த்தைகள் போதவில்லை. நஸீறா மாட்டிறைச்சிக் கறியும் சோறும் கொண்டுவந்து வைத்தாள். நால்வரும் பாயில் இருந்து ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். இறைச்சி காரம் என்று றிப்னா மூக்கால் அழுதாள். வெறும் சோற்றில் தயிரும் சீனியும் போட்டுக் கேட்டாள். அன்றைக்கு அவளை ஒருவரும் மறுக்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் நஸீறா தட்டையும் கறிச்சட்டியையும் அள்ளிக்கொண்டு போனாள். றுஸ்தா பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லியிருந்தாள். அவள் அந்தப் பாயிலேயே ஒரு பக்கம் சரிந்தாள். மறுபக்கம் சப்ரி படுத்தான். நடுவில் றிப்னா வாப்பாவின் கையைத் தலையணையாக்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் தனக்குள் எதையோ கதைத்துவிட்டு ஓய்ந்தாள். ஜன்னல் வழியாகக் கடல் காற்று வந்தது. பிள்ளையின் மூச்சு அவனுடைய மணிக்கட்டில் பட்டுப் பட்டு விலகியது. சூடாக, ஒரே சீராக. அதை எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை என்று தோன்றியபோது அவனும் கண்ணை மூடினான்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை ஒருவரும் எழும்பவில்லை.